வாட்டம் எந்தப் பக்கம்

பால் பண்ணை,
கந்தப்பளை.
10.02.1985

அன்புள்ள கஸ்பர் மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பீர்களோ, அப்படியே அடுப்பில் போடுவீர்களோ, எனக்குத் தெரியாது. அடுப்பில் போட்டால் உங்கள் தங்கச்சி இசபெல் என்னோடு போடுகிற சண்டையை உங்களோடு போடுவாள். அந்த ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் சுகம். குளிர்தான் பொல்லாதது. நம் அக்கரப்பத்தனைக் குளிர் போர்வைக்கு வெளியே நிற்கும். கந்தப்பளைக் குளிர் நமக்கு முன்னால் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொள்கிறது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிறது.

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பிரிந்து போகும் முன்னால், துரை வந்து நின்று கேட்டார். லயங்களையும் மாட்டுப்பட்டியையும் சுற்றி மண் வெட்டிச் சரிப்படுத்தச் சின்ன மெசின் ஒன்று வரப்போகிறது, தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர்களில் ஒருவர் கந்தப்பளைப் பண்ணைக்குப் போய் அதைப் பழகி வர வேண்டும் என்றார். நீங்கள் முன்னால் வந்து, “எங்க ஆளுங்க யாரும் போக மாட்டாங்க தொர. அது வந்தா அப்புறம் எங்களுக்கு என்னா வேல இருக்கும்?” என்றீர்கள். பின்னால் நின்ற அழகுமுத்து அண்ணனும் மூக்கனும் தலையாட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை.

ஏன் தூக்கினேன் என்று இசபெல் ஆயிரம் தடவை கேட்டுவிட்டாள். அவளிடம் என்னென்னவோ சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். ஆசையாக இருந்தது மச்சான். அந்த மெசினில் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. உங்களை அவமானப்படுத்த நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் அவமானப்பட்டீர்கள் என்பது அன்றைக்கே உங்கள் முகத்தில் தெரிந்தது.

மெசினைப் பற்றி எழுதினால் கோபம் கூடும், எழுதாமலும் இருக்க முடியவில்லை. பெக்கோ என்கிறார்கள். ஜப்பான்காரன் செய்தது. ஒரு பால்மாடு நிற்கிற இடத்தில் நின்றுவிடும். சக்கரத்துக்குப் பதிலாகச் செயின். முன்னால் ஒரு நீளக் கை, அதன் நுனியில் பல் வைத்த பக்கெட். வலது கைக்கு ஒரு லீவர், இடது கைக்கு ஒரு லீவர். ஒன்றைத் தள்ளினால் கை இறங்குகிறது, சாய்த்தால் மெசினே சுற்றுகிறது. முதல் நாள் மண்ணை அள்ளப் போய், புல்லுக் கொட்டிலின் கூரைத் தகரத்தை அள்ளிவிட்டேன். பழக்குகிற குணபால பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு “ஹிமின், ஹிமின்” என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். நாள் முழுக்க அவர் என்னோடு பேசுவது அந்த ஒரு சொல்தான்.

இனி, எழுத வந்த காரியம். இசபெலுக்கு ஜூன் மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, நீங்களும் நானும் ஒரே லொறியில் தலவில அன்னம்மாளிடம் போய் வேண்டிக்கொண்ட பிள்ளை. போன மழைக்கு எங்கள் காம்பிராவுக்குள் தண்ணீர் வந்து பாயெல்லாம் நனைந்தது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பழக்கம் முடிய ஜூன் கடைசி ஆகிவிடும். மழை எனக்காகக் காத்திருக்காது. என் மேல் உள்ள கோபம் என் மேலேயே இருக்கட்டும். லயத்துக்குள் தண்ணீர் வராமல் ஏதாவது செய்யுங்கள் மச்சான்.

இப்படிக்கு,
றோலண்ட்


நெட்டமலைத் தோட்டம்,
அக்கரப்பத்தனை.
03.03.1985

திரு. றோலண்ட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை. இசபெல் பக்கத்தில் நின்றாள்.

தாங்கள் சுகமாக இருப்பதில் சந்தோஷம். தாங்கள் அள்ளிய தகரத்துக்காக அந்தப் பண்ணைக்காரர்களிடம் எங்கள் அனுதாபத்தைச் சொல்லவும்.

லயத்துப் பின்பக்கம் மேட்டு மண் சரிந்து கான் தூர்ந்துபோயிருந்தது. நானும் அழகுமுத்துவும் மூக்கனும் அதை இடுப்பளவுக்குத் தோண்டிக் கல் கட்டிவிட்டோம். மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் இனிப் பின்சுவரைத் தொடாது. என் தங்கச்சிக்காகச் செய்தேன். தாங்கள் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

தங்களுக்கு ஆசையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை உலகத்தில் தங்களுக்கு மட்டும்தான் வரும் போல. அழகுமுத்து மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறான். தினமும் என்னிடம் வந்து, “மெசினு வந்தா நம்மள செடி வெட்டுற கவ்வாத்துக்குப் போடுவாங்களாண்ணே, இல்ல வீட்டுல குந்த வைப்பாங்களா?” என்று கேட்கிறான். அவனுக்கும் மூக்கனுக்கும் சேர்த்துத்தான் நான் துரை முன்னால் பேசினேன். பேசி வாயை மூடுவதற்குள் என் வீட்டு மாப்பிள்ளையே கையைத் தூக்கினால், அடுத்த தடவை நான் பேசினால் எந்தத் துரை கேட்பான்? தாங்கள் தூக்கியது ஒரு கை. இறங்கியது என் தலை.

இசபெல் சுகம். கிட்டத்து மலையில்தான் கொழுந்துக்குப் போகிறாள். எண்பத்து மூன்றில் நடந்ததை நினைத்துக்கொண்டு, தாங்கள் அங்கே தனியாக இருப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறாள். இருட்டிய பிறகு பஸ்ஸில் போக வேண்டாமாம்.

குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பச் சொன்னாள். அனுப்பியிருக்கிறேன். அது என்னுடையது. கிழித்துவிட வேண்டாம்.

இங்ஙனம்,
செ. கஸ்பர்


பால் பண்ணை,
கந்தப்பளை.
16.04.1985

அன்புள்ள மச்சானுக்கு,

சட்டை வந்தது. இன்னொரு ஆளும் உள்ளே வரலாம், அவ்வளவு இடம் இருக்கிறது. சட்டை சூடு, கடிதம் குளிர். நீங்கள் என்னை நான்கு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். “தாங்கள்” என்று எழுதினீர்களே, அதுதான் தாங்கவில்லை.

ஈஸ்டருக்கு வரலாம் என்று இருந்தேன். விடவில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்குப் பாஸும் மற்றவர்களும் ஊருக்குப் போவதால், மாடுகளைப் பார்க்க நான் நிற்க வேண்டியதாகிவிட்டது. பெரிய வெள்ளிக்கு மட்டும் கந்தப்பளைக் கோயிலுக்குப் போய் வந்தேன். உங்களுக்காகவும் ஒரு மெழுகுதிரி வைத்தேன், கோபம் தணிய. தணிந்ததா?

அழகுமுத்து அண்ணனைப் பற்றி எழுதியிருந்தது மனதில் நின்றுகொண்டே இருக்கிறது. ஆனால் இந்த மெசினோடு இரண்டு மாதம் இருந்ததில் ஒன்று தெரிகிறது. இது தானாக ஒன்றும் செய்யாது. எங்கே வெட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இப்போது நான் தகரம் அள்ளுவதில்லை. முதல் மாதம் முழுக்கக் கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் ஓடியது. ஒரு நாள் அது சேர்ந்துகொண்டது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. லீவரைப் பார்க்காமல் பக்கெட்டின் பல்லை மட்டும் பார்க்கிறேன், கை தானாகப் போகிறது. வெட்டுவதை விடக் கஷ்டம் தடவுவது. வெட்டிய மண்ணைப் பக்கெட்டின் முதுகால் மெல்லத் தடவிச் சமமாக்க வேண்டும். “பசுவைத் தடவுற மாதிரி” என்று பாஸ் சைகையில் காட்டுவார். தடவி முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார். “வத்துர கொஹேத யன்னே?” தண்ணீர் எங்கே போகிறது என்று. நான் கையால் காட்டுவேன். சரி என்றால் தலையாட்டுவார், இல்லையென்றால் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போதுதான் பெரிய செய்தி. போவதற்கு முன்னால் பாஸ், கன்றுக்குட்டிக் கொட்டிலின் முன்வாசலை என்னைத் தனியாகச் செய்துவைக்கச் சொன்னார். அந்தக் கொட்டில் சரிவில் இருக்கிறது, நம் லயம் மாதிரியே. பின்னால் மேடு, முன்னால் வாசல், வாசலைத் தாண்டினால் இறக்கம். மழைக்கு வாசல் மண் எல்லாம் இறக்கத்தில் போய் அத்திவாரக் கல் வெளியே தெரிகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் எனக்குக் கான் வெட்டப் பழக்கியபோது சொன்னதைத்தான் செய்தேன். வெளி ஓரத்தை உயர்த்தி, தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை உள்பக்கம் கொடுத்து, சுவர் ஓரமாக ஒரு சின்னக் கான் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பிடி மண் வெளியே போகாது. தூரத்தில் நின்று பார்த்தால் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

இசபெலின் கால் வீங்குகிறதாமே. அதிகம் நடக்க விடாதீர்கள்.

உங்கள்,
றோலண்ட்


நெட்டமலை.
28.04.1985

றோலண்டுக்கு,

மெழுகுதிரி வைத்தாயாமே. ஒன்று போதவில்லை. அடுத்த தடவை பெரிதாக வை.

கன்றுக்குட்டிக் கொட்டில் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன் என்று இசபெல் உனக்கு எழுதியிருப்பாள், அவள் வாயில் ஒன்றும் நிற்காது. அழகுமுத்துவுக்கும் வாசித்துக் காட்டினேன். “மெசினுல ஏறினாலும் கையி நம்ம கையிதான்” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெளியே வாட்டம் வைத்து மண்ணைக் கழுவ விடுகிறவன் கான் வெட்டுகிறவனே இல்லை. அதை நீ மறக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஒன்றுதான், அதிகம் இல்லை.

உன் கடிதம் படித்ததும் நம் லயத்து முன்வாசல் கண்ணில் குத்த ஆரம்பித்தது. இங்கேயும் அதே கதைதான், மண்ணெல்லாம் கீழே தேயிலைக்குள் போய், வாசலில் கல்தான் மிச்சம். போன ஞாயிறும் இன்றும் நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். பின்பக்கக் கானில் எடுத்த மண் குவிந்து கிடந்தது, அதையே கொண்டுவந்து வெளி ஓரத்தை ஒரு முழம் உயர்த்தி, உள்பக்கம் வாட்டம் கொடுத்து, சுவரோரம் கான் இழுத்துவிட்டோம். லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். கையால்தான். உன் ஜப்பான்காரன் வந்து பார்க்கட்டும்.

வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து பார்த்துவிட்டுத் துரையிடம் சொல்லியிருக்கிறார். மெசின் இல்லாமலேயே வேலை நடக்கிறது என்று துரைக்கும் தெரியட்டும். அழகுமுத்துவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது.

பின்பக்கமும் ஆச்சு, முன்பக்கமும் ஆச்சு. இனி உன் பிள்ளை காய்ந்த தரையில் தவழும். நீ அங்கே நிம்மதியாக மாட்டைத் தடவு.

கஸ்பர்


பால் பண்ணை.
05.05.1985

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். “நீ” என்று எழுதியிருந்தீர்கள். அதன் பிறகு இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது கடைசியாக மிஞ்சிய தாள்.

என் வேலை தப்பு மச்சான்.

நான் பெருமையாக எழுதிப் போட்டதற்கு அடுத்த நாளே இங்கே இடி மழை கொட்டியது. வாசலில் விழுந்த தண்ணீர் முழுவதும், நான் கொடுத்த வாட்டத்தில், நேராகக் கொட்டிலுக்கு ஓடியது. சுவரோரக் கான் வைக்கோலிலும் சாணியிலும் அடைத்துக்கொண்டது. கன்றுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. நானும் பால் கறக்கிற பொன்னையாவும் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கிப் புல்லுக் கொட்டிலில் விட்டோம். இரண்டுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு தேறிவிட்டன.

பாஸ் ஊரிலிருந்து வந்தார். வாசலின் நடுவில் நின்றுகொண்டு, “வத்துர கொஹேத யன்னே?” என்று கேட்டார். நான் கொட்டிலைக் காட்டினேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, பீடியும் பற்ற வைக்கவில்லை. எங்கே பழகினாய் என்று கேட்டார். தேயிலை மலையில் என்றேன். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “மலையில தண்ணி புடிக்கிறது. வீட்டுல தண்ணி வெரட்டுறது.” அன்று முழுவதும் மெசினில் ஏறி, நான் உயர்த்திய ஓரத்தை நானே வெட்டி இறக்கினேன். இப்போது சுவரிலிருந்து வெளிப்பக்கம் வாட்டம். ஓரத்தில் மண் கரையாமல் கல் பதித்துப் புல்லும் வைத்திருக்கிறோம்.

யோசித்துப் பார்த்தேன். மலையில் நாம் காப்பாற்றுவது மண்ணை. அங்கே வாசல் இல்லை, கதவு இல்லை, உள்ளே யாரும் படுத்திருக்கவில்லை. அதனால் உள்பக்கம் வாட்டம் சரி. வீட்டில் முதலில் காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கிறவர்களை. இது எனக்குத் தோன்றாமல் போனது, ஏனென்றால் வீட்டைச் சுற்றி நான் ஒருநாளும் மண் வெட்டியதில்லை. நாம் யாருமே வெட்டியதில்லை. நம்மை அதற்கு யாரும் அனுப்பியதில்லை.

நம் லயத்தின் பின்பக்கம் நீங்கள் செய்தது சரி. முன்வாசலைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள் மச்சான். என் கடிதத்தைப் பார்த்துத்தான் நீங்கள் அதில் இறங்கினீர்கள். தப்பு என்னுடையது. கோபப்படாமல் ஒரு தடவை நின்று பாருங்கள்.

உங்கள்,
றோலண்ட்


நெட்டமலை.
12.05.1985

றோலண்ட்,

நீ மெசினில் ஏறி எத்தனை மாதம்? நான் மண்வெட்டி பிடித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். வாட்டம் எனக்குச் சொல்லித் தருகிற அளவுக்குக் கந்தப்பளைத் தண்ணீர் உன்னை ஆக்கிவிட்டது.

உன் கொட்டிலில் சாணி அடைத்தது. என் வாசலில் யாரும் மாடு கட்டவில்லை. உன் கானைவிட என் கான் இரண்டு மடங்கு ஆழம். லயத்துக்காரர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறை. இப்போது போய், நான் செய்தது தப்பு, எல்லாரும் வாருங்கள் இடிப்போம் என்று சொல்ல வேண்டுமாக்கும். துரை பார்த்துவிட்டு என்ன சொல்வார்? “பாத்தீங்களா, இதுக்குத்தான் மெசினு வேணும்னேன்” என்பார். நீ அதற்குத்தான் இதை எழுதினாயோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

இதை அழகுமுத்துவிடம் காட்டவில்லை. இனிமேல் எழுதுவதாக இருந்தால் இசபெலுக்கு எழுது.

கஸ்பர்


பால் பண்ணை.
26.05.1985

மச்சானுக்கு,

இசபெலுக்கு எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். “எனக்கு வயித்தப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்கு. ஒங்க வாட்டத்த நீங்களும் அண்ணனுமே பேசித் தீத்துக்கங்க” என்று பதில் போட்டுவிட்டாள்.

கோபம் நியாயம். மெசினுக்காக நான் இதை எழுதினேன் என்று நினைத்தது மட்டும் நியாயமில்லை. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாசலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது எங்கே போகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான். அதன் பிறகு நான் வாய் திறக்க மாட்டேன்.

றோலண்ட்


நெட்டமலைத் தோட்டம்,
அக்கரப்பத்தனை.
16.06.1985

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிள்ளையும் தாயும் சுகம். முதலில் அதைப் படித்துக்கொள். மற்றதைப் பிறகு படி.

தந்தி கிடைத்து நீ ஆஸ்பத்திரிக்கு வந்து போனாய் என்று இசபெல் சொன்னாள். அன்று நான் வேண்டுமென்றே மேல் மலையில் நின்றுகொண்டேன். உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போது என் முகத்தை நீ பார்க்க வேண்டாம் என்று இருக்கிறது. அதனால் எழுதுவதே வசதி.

உன் வாளித் தண்ணீரை நான் ஊற்றிப் பார்த்தேன். எல்லாரும் கொழுந்துக்குப் போன நேரம் பார்த்து ஊற்றினேன். தண்ணீர் உள்ளே ஓடி, கானில் இறங்கி, அழகாகப் பக்கவாட்டில் போனது. நீ தோற்றாய் என்று சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்தேன். ஒரு வாளித் தண்ணீருக்கு என் கான் போதும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் இசபெலையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தோம். அவள் வந்து படுத்துக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. ஜூன் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நேராகப் பின்பக்கம் ஓடினேன். மேட்டுத் தண்ணீர் பின்பக்கக் கானில் குதித்துக்கொண்டு போனது. சுவரில் ஈரம் இல்லை. நான் அங்கேயே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை. அந்த நேரத்தில் முன்பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வாசலில் சாணி இல்லை என்று எழுதினேன் அல்லவா? அடுப்புச் சாம்பல் இருந்தது. பாத்திரம் விளக்குகிற தேங்காய்த் தும்பு இருந்தது. எல்லாம் சேர்ந்து கானை அடைத்து, வாசல் முழுவதும் குளமாகி, படியைத் தாண்டி எல்லாக் காம்பிராவுக்குள்ளும் ஏறிவிட்டது. நான் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். இசபெல் கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கட்டிலுக்குக் கீழே உன் செருப்பு மிதந்தது. அவள் என்னைத் திட்டவில்லை.

“பின்பக்கம் காஞ்சிதான் இருக்குண்ணே” என்றாள்.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் உயர்த்திய அந்த ஓரத்தை நானே வெட்டினேன். ஒரு வெட்டில் தண்ணீர் திறந்துகொண்டது. அழகுமுத்துவும் மூக்கனும் வந்து ஆளுக்கு ஒரு பக்கம் வெட்டினார்கள். தண்ணீர் வெளியே இறங்கியது, அதோடு நல்ல மண்ணெல்லாம் செவ்வென்று கரைந்து தேயிலைக்குள் போனது. மண் போகட்டும் என்று நானே வெட்டிவிட்டு நின்றது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்.

பிள்ளை நனையவில்லை. அன்று ராத்திரி வீரம்மா அக்காவின் காம்பிராவில், மேட்டு லயத்தில், படுக்க வைத்தோம். இருமல் இல்லை, சளி இல்லை. பெண்பிள்ளை உன்னைப் போலத்தான், காரணம் இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறது.

நேற்றுப் பெரட்டில் துரை பேசினார். அடுத்த மாதம் மெசினும் நீயும் வருகிறீர்கள் என்றார். அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் துரை சொன்னார், மெசின் ரோட்டில்தான் வந்து நிற்கும், ரோட்டிலிருந்து எந்த லயத்துக்கும் அது ஏற வழி இல்லை என்று. உண்மைதான். நம் தோட்டத்தில் லயங்களுக்கெல்லாம் கல் படிக்கட்டுத்தான். உன் ஜப்பான்காரன் படி ஏற மாட்டானாமே. ஆகையால் ஒவ்வொரு லயத்துக்கும், மாட்டுப்பட்டிக்கும், மலையைக் குடைந்து வழி வெட்ட வேண்டும். அது கான் ஆட்களின் வேலை, கஸ்பர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இந்த மேற்பிரிவை முடிக்கவே எங்களுக்கு நாள் போதாது. அழகுமுத்து என் காதில், “மெசினுக்கே நாமதான் ரோடு போடணுமாண்ணே?” என்று கேட்டான். அவன் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகிறது.

நாளைக்கு நம் லயத்துக்கு வருகிற வழியில் ஆரம்பிக்கிறோம். மெசினுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று எழுது. வளைவில் எவ்வளவு விட வேண்டும் என்றும் எழுது. இன்னொன்று. வாட்டம் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று எழுது. நான் கேட்டேன் என்று இசபெலிடம் சொல்லாதே.

உன்,
கஸ்பர்


பால் பண்ணை,
கந்தப்பளை.
23.06.1985

அன்புள்ள மச்சானுக்கு,

செருப்பு மிதந்த இடத்தில் சிரித்தேன். அதற்கு அடுத்த வரியில் நிறுத்திவிட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாட்டுப்பட்டிக்குப் போய்ப் புல் போட்டுவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். உங்கள் கம்பளிச் சட்டைதான். கிழியவில்லை. ஒரு இடத்தில் கிரீஸ் பட்டிருக்கிறது, அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

வீரம்மா அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும். இசபெலும் அதைத்தான் சொல்கிறாள்.

பாஸிடம் சொல்லிவிட்டேன், நம் லயத்து முன்வாசல் முழுவதையும் மெசின் வந்த அன்றே செய்துவிடலாம் என்றார். மெசினை நான் ஓட்டுகிறேன். ஓரத்துக்குக் கல் பதிக்க நீங்களும் அழகுமுத்து அண்ணனும் மூக்கனும் வேண்டும். அந்த வேலை மெசினுக்கு வராது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவும் ஆள் வேண்டும். இனி நீங்கள் வாளியை எடுக்கும்போது இரண்டு மூன்று வாளியாக எடுங்கள்.

அகலம் ஆறடி இருந்தால் தாராளம். வளைவில் இன்னொரு மூன்றடி விடுங்கள்.

வாட்டம் கேட்டிருந்தீர்கள். ரோட்டுக்கு உள்பக்கம்தான் மச்சான், மலைப்பக்கம். இத்தனை வருஷமாக நீங்கள் எப்படி வெட்டினீர்களோ அப்படியே வெட்டுங்கள். நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை,
றோலண்ட்